சுண்ணாம்புச் சுவரில் இறுகிய முகப்பு விளக்கு

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் இருக்கும் எங்கள் வீடு ஐந்து புள்ளிகளுக்கு, அதாவது ஐந்து பங்காளிக் குடும்பங்களுக்கு, பொதுவானது. ஊரில் இருப்பது நான் மட்டும் என்பதால் பராமரிப்பு என் பொறுப்பு. முகப்பில் தலைவாசலுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு சுவர் விளக்கு உண்டு. சுவரோடு ஒட்டிய இரும்புத் தட்டு, அதிலிருந்து வளைந்து வரும் கை, நுனியில் கண்ணாடிக் குண்டு. இடப்பக்க விளக்கு எரியாமல் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. பல்பை மாற்றக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். அதைப் பிடித்திருந்த திருகாணிகளும், தட்டைச் சுவரோடு பிடித்திருந்த நான்கு திருகாணிகளும் துருவேறி இறுகிக் கிடந்தன. ஐப்பசி, கார்த்திகைச் சாரல் நேராக அடிக்கும் இடம் அது. போதாததற்கு, ஒவ்வொரு முறை வெள்ளையடித்தபோதும் தட்டின் மேலேயே மட்டையை ஓட்டியிருக்கிறார்கள். தட்டு எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

முன்னோருக்குப் படையலிட்டு வணங்கும் படைப்புக்குப் பங்காளிகள் எல்லோரும் வரவிருந்தார்கள். வாசலில் ஒரு பக்கம் இருட்டாக இருக்கக் கூடாது என்று விளக்கையே கழற்றி மாற்றும் வேலையை எடுத்தேன்.

எலக்ட்ரீசியன் தம்பி பார்த்த உடனே, "ஆச்சி, உளியும் சுத்தியலும் கொடுங்கள், பெயர்த்து எடுத்துவிடலாம். அப்புறம் சிமென்ட் பூசிக்கொள்ளலாம்" என்றார். நான் மறுத்துவிட்டேன். "தம்பி, விளக்கு உடைந்தால் கடையில் வேறு வாங்கலாம். இந்தப் பூச்சு உடைந்தால் யாரிடம் போய் வாங்குவது?" என்றேன். எங்கள் செட்டிநாட்டு வீடுகளின் சுவர்ப் பூச்சு சுண்ணாம்பை அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்து, பல அடுக்காகப் பூசியது. கடைசி அடுக்கில் முட்டை வெள்ளைக்கரு கலந்து வழவழப்பாக இழைத்திருப்பார்கள். ஓர் இடத்தில் அடித்தால் அங்கே மட்டும் உடையாது. உள் அடுக்கிலிருந்து விட்டு, சுற்றிலும் பாளமாகப் பெயர்ந்து வரும். அதனால் இந்த வேலையில் முதலில் காப்பாற்ற வேண்டியது சுவர், பிறகுதான் விளக்கு என்று இருவரும் பேசி முடிவு செய்துகொண்டோம். அந்தத் தம்பி அதற்குப் பிறகு காட்டிய பொறுமையை நான் மறக்க மாட்டேன்.

கை வைக்கும் முன் மின்சாரம். பழைய வீட்டுக்காரர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். அந்த விளக்கின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஹோல்டரின் முனையில் டெஸ்டர் வைத்தபோது அது எரிந்தது. சுவிட்ச், மின்சாரம் வரும் பேஸ் கம்பியில் இல்லாமல், அது திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியில் போடப்பட்டிருந்தது. அப்படி இருந்தால் அணைத்த பிறகும் ஹோல்டர் வரைக்கும் 230 வோல்ட் வந்து நிற்கும். பல்பு எரியவில்லை என்பதை நம்பிக் கை வைத்தவர் கதி என்னாவது! மெயினை இறக்கினால் மட்டும் போதாது, இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும். மெயின் போனதும் இன்வெர்ட்டர் தானாக அந்தக் கம்பிக்கு மின்சாரம் கொடுக்கத் தொடங்கிவிடும். தம்பி இரண்டையும் அணைத்தார். அணைக்கும் முன் மின்சாரம் உள்ள ஒரு பிளக்கில் டெஸ்டர் எரிகிறதா என்று பார்த்துக்கொண்டார். அணைத்த பின் விளக்கில் பார்த்தார். வேலைக்கு நடுவே மெயினை யாரும் போட்டுவிடாதபடி பியூஸைக் கழற்றித் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

பிறகு தட்டைச் சுற்றி வெள்ளையைக் கூரிய பிளேடால் கீறி, சுவரையும் தட்டையும் பிரித்தோம். இதைச் செய்யாமல் இழுத்தால் தட்டோடு பூச்சும் சேர்ந்து வந்துவிடும். திருகாணித் தலையில் இருந்த பள்ளம் முழுக்கச் சுண்ணாம்பு அடைத்திருந்தது. ஆக்ஸா பிளேடின் நுனியால் அதைச் சுரண்டி எடுத்த பிறகுதான் திருப்புளி பிடிப்பாக உட்கார்ந்தது. பழைய திருகாணிகளுக்கு நேர்ப்பள்ளம்தான். அகலம் சரியாகப் பொருந்தும் திருப்புளி இல்லாமல் முயன்றால் பள்ளம் வழுக்கிப்போகும்.

துருவை இளக்க எண்ணெய் விடுவதிலும் ஒரு சிக்கல். சுண்ணாம்புப் பூச்சு எண்ணெயைக் குடித்துவிடும். அந்தக் கறை பிறகு போகாது. தெளிப்பான் டப்பாவால் பீய்ச்ச வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மருந்துக் கடையில் ஓர் ஊசிக் குழல் வாங்கினேன். அதில் துருநீக்கி எண்ணெயை எடுத்து, தட்டுக்கு அடியில் துணியை ஒட்டிவைத்து, திருகாணித் தலைக்குச் சொட்டுச் சொட்டாக விட்டோம். இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் மறுபடியும் விட்டோம். தீயால் சூடுகாட்டினால் துரு விடும் என்று ஒருவர் சொன்னார். உள்ளே மரக்கட்டையும் பழைய வயரும் இருக்கும்போது அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

திருகும்போது முதலில் இறுக்கும் பக்கமாக ஓர் இம்மி, பிறகு கழற்றும் பக்கம், மறுபடி இறுக்கும் பக்கம் என்று மாற்றி மாற்றிச் செய்தார். துரு தூளாக உதிர்ந்தது. மூன்று திருகாணிகள் வந்துவிட்டன. நான்காவதன் தலை அரைகுறையாக ஒடிந்துபோனது. அதற்கு அவர் செய்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. துளைப்பானில் இரும்பு பிட் மாட்டி, சுத்தியல் இயக்கத்தை நிறுத்தி, மெதுவான சுழற்சியில் திருகாணித் தலையை மட்டும் துளைத்து எடுத்தார். தட்டு விடுபட்டு வந்தது. சுவரில் நீட்டிக்கொண்டு நின்ற தண்டைப் பூட்டுக் குறடால் கவ்வித் திருகியபோது அதுவும் வெளியே வந்தது. பூச்சில் கீறல்கூட விழவில்லை.

தட்டுக்குப் பின்னால் குளவி கட்டிய மண்கூடு, கரையான் தின்ற ஒரு மரக்கட்டை, ரப்பர் மேல் பருத்தி நூல் சுற்றிய பழைய வயர். தொட்டதும் அந்த ரப்பர் பொடியாக உதிர்ந்தது. எர்த் கம்பியே கிடையாது. இத்தனை காலம் அந்த இரும்புத் தட்டைத் தொட்டுக்கொண்டு திண்ணையில் குழந்தைகள் விளையாடியிருக்கிறார்கள் என்று நினைத்தபோது உடம்பு பதறியது. விளக்கை மட்டும் மாற்றிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. மெயின் பலகையிலிருந்து 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் புதிதாக இழுத்தோம். சுவரை வெட்டவில்லை, பழைய வயர் ஓடிய தேக்குச் சட்டம் போன வழியிலேயே கொண்டுவந்தோம். சுவிட்சை பேஸ் கம்பிக்கு மாற்றியாயிற்று. 30 மில்லி ஆம்பியர் மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. கருவி ஒன்றும் போட்டோம்.

புது விளக்குக்காகக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஏறி இறங்கினேன். இடித்த வீடுகளிலிருந்து வந்த பித்தளை விளக்குகளைப் பார்க்கவே மனம் கனத்தது. மழை படாத வளவுக்குள், அதாவது வீட்டின் உள்பகுதியில், மாட்ட அவை பொருத்தம். மழை படும் இடத்துக்கு நான் பார்த்தவை ஒத்துவரவில்லை: எர்த் கம்பியை முடுக்க இடமில்லை, நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமும் இல்லை. கடைசியில் பழைய வடிவத்திலேயே வரும் புதிய பித்தளை விளக்கு, ஐ.பி. 65 தரம் கொண்டது, வாங்கினேன். 6 என்பது தூசி புகாது என்பதற்கு, 5 என்பது பீய்ச்சும் நீரைத் தாங்கும் என்பதற்கு. மூடிய குண்டுக்குள் சூடு தங்கும் என்பதால் குறைந்த வாட் எல்.இ.டி. பல்பு, 2700 கெல்வின் மஞ்சள் ஒளி. வெள்ளை ஒளி எங்கள் முகப்புக்கு ஆகாது என்பது என் பிடிவாதம்.

கரையான் தின்ற கட்டைக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் பிளக் அடிக்க நான் விடவில்லை. பழைய செங்கலும் சுண்ணாம்பும் அந்த அதிர்வைத் தாங்காது. ஆசாரி தேக்கில் ஒரு கட்டை செதுக்கித் தந்தார், உள்பக்கம் அகலமாகவும் வெளிப்பக்கம் குறுகலாகவும். அதனால் பாரம் இழுத்தாலும் வெளியே வராது. பழைய வேலை தெரிந்த ஒரு கொத்தனார் துளையைச் சற்று அகலமாகச் சுரண்டி, ஈரப்படுத்தி, கட்டையைச் சுண்ணாம்புச் சாந்திலேயே பதித்தார். சிமென்ட் வைத்தால் சுவர் இழுத்த ஈரம் வெளியேற முடியாமல் அதன் ஓரத்தில் தங்கிப் பூச்சைத் தள்ளிவிடும். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மெல்லத்தான் இறுகும். அதனால் விளக்கை மாட்டுவதைத் தள்ளிப்போட்டோம். படைப்பு நெருங்குகிறதே என்று பங்காளி ஒருவர் சென்னையிலிருந்து தொலைபேசியில் அவசரப்படுத்தினார். "பொறுங்கள் அண்ணே, சாந்து இறுகட்டும்" என்று சொல்லிவிட்டேன்.

மாட்டும்போது துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகள், அவற்றின் மரையில் சிறிது கிரீஸ். தட்டுக்கும் சுவருக்கும் நடுவே ரப்பர் தாள் வெட்டி வைத்தோம். சிலிக்கோன் பசையை மேலேயும் இரு பக்கமும் மட்டும் இட்டு, கீழ்ப்பக்கத்தைத் திறந்து விட்டோம். எப்படியாவது உள்ளே போகும் நீர் வடிய ஒரு வழி வேண்டும். நான்கு பக்கமும் அடைத்தால் நீர் உள்ளேயே நின்று துருவை வளர்க்கும்.

படைப்பன்று விளக்கு எரிந்தது. வலப்பக்க விளக்குக்கும் இதே புது வயரைக் கொடுத்து, எர்த்தும் இணைத்துவிட்டோம். அது இன்னும் எரிகிறது என்றாலும் அதன் திருகாணிகளுக்கு இப்போதே ஊசிக் குழலால் எண்ணெய் விட்டு வருகிறேன். பிறகு அந்த வடிவம் கடையில் கிடைக்காமல் போகலாம் என்பதால் அதற்கும் ஜோடி விளக்கை வாங்கி வைத்துவிட்டேன்.