பூசணம் பிடித்த விண்டோஸ் டிவிடிக்கு நகல் எடுத்த கதை

ஏற்காட்டில் மாமாவுக்குச் சின்னதாக ஒரு காப்பித் தோட்டம். கூலிக் கணக்கு, எடைச்சீட்டு எல்லாம் ஒரு பழைய கம்ப்யூட்டரில், விண்டோஸ் 7-இல். அதற்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஓடு கையை விரித்துவிட்டது. ஆனால் அந்தக் கணக்கு மென்பொருளும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் புதுசில் ஓட மறுக்கின்றன, நெட்டும் கிடையாது, அதனால் மாமா மாற்றுவதாக இல்லை.

ஐப்பசி மழையில் போன் வந்தது. "கண்ணு, அந்த டிவிடியில பூ பூத்திருக்குது, வந்து பாரு." 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்ப் பார்த்தால், நிஜமாகவே பூதான். விண்டோஸை இன்ஸ்டால் செய்யும் டிவிடியின் பேப்பர் உறைக்குள் ஈரம் இறங்கி, பளபளப்பான பக்கத்தில் பொட்டுப் பொட்டாக வெள்ளைப் பூசணம். பனி ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வரும் ஊரில் பேப்பர் உறையில் வைத்தால் வேறென்ன ஆகும்.

முதலில் நான் செய்தது முட்டாள்தனம். டிவிடியைத் திறந்து எல்லா ஃபைலையும் ஒரு ஃபோல்டரில் காப்பி செய்து, அதைப் புது டிவிடியில் எழுதினேன். ஃபைல் எல்லாம் இருக்கிறது, கம்ப்யூட்டர் மட்டும் அதிலிருந்து பூட் ஆகவில்லை, அதாவது அதை வைத்துத் தொடங்கவில்லை. காரணம், பூட் ஆவதற்கான குறிப்பு ஃபைல்களோடு கண்ணில் படுகிற இடத்தில் இல்லை. எல் டோரிட்டோ என்று ஒரு முறை, 1995-இல் வந்தது. டிஸ்கின் 17-ஆவது செக்டரில் (டிஸ்கைப் பிரித்திருக்கும் சின்னத் துண்டுகளில் ஒன்று) ஒரு குறிப்பு இருக்கும், கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும் பயோஸ் அதைப் பார்த்துத்தான் எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்துகொள்ளும். இழுத்துப் போட்டு காப்பி செய்தால் அது வராது. டிஸ்கை செக்டர் செக்டராக அப்படியே ஒரு ஐஎஸ்ஓ ஃபைலாக, அதாவது முழு டிஸ்கின் அச்சு நகலாக, எடுக்க வேண்டும்.

சரி என்று இம்க்பர்ன் (ImgBurn) என்ற டிஸ்க் எழுதும் மென்பொருளில் ஐஎஸ்ஓ எடுக்க உட்கார்ந்தேன். பாதிக்கு மேல் போனதும் டிரைவ் கர்ர் கர்ர் என்று முக்க ஆரம்பித்தது, அப்புறம் செக்டரைப் படிக்க முடியவில்லை என்று எரர். அதை விட்டுவிட்டு மேலே போகவும் வழி இருக்கிறது, ஆனால் போகாதீர்கள். பின்னால் இன்ஸ்டால் நடுவில் ஏதோ ஒரு ஃபைல் கெட்டிருக்கிறது என்று நிற்கும், அப்போது அழுது பிரயோஜனமில்லை. மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியை லேசாக நனைத்து, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்க்கோடாகத் துடைத்தேன். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தோடேயே ஓடும், அது இன்னும் மோசம்.

பூசணம் போனது, எரர் போகவில்லை. டிவிடியைச் சேலத்துக்குக் கொண்டுவந்து வீட்டு டெஸ்க்டாப் டிரைவில் போட்டேன், ஒரு முனகலும் இல்லாமல் படித்துவிட்டது. நம்ப மனசு வரவில்லை. நண்பனுடைய டிரைவிலும் ஒரு ஐஎஸ்ஓ எடுத்து, இரண்டையும் விண்டோஸிலேயே இருக்கும் செர்ட்யூட்டில் (certutil) கட்டளையில் ஹாஷ், அதாவது ஃபைலின் கைரேகை மாதிரி ஒரு குறியீடு, போட்டுப் பார்த்தேன். 40 எழுத்தும் ஒன்றுபோல் இருந்தது. அப்போதுதான் மூச்சு வந்தது.

எழுதுவது பெரிய வேலையில்லை. சுமார் இரண்டரை ஜிபி, சாதாரண 4.7 ஜிபி டிவிடியில் அடங்கிவிடும். 4எக்ஸ் வேகத்தில் நிதானமாக எழுதி, எழுதியது சரியா என்று வெரிஃபை போட்டு, மறுபடி மலையேறி பூட் செய்து பார்த்தேன். மொழி கேட்கும் திரை வந்ததும் ரத்து செய்துவிட்டேன், அவ்வளவு பார்த்தால் போதும். பேக்கப்புக்காக ஒரு நகல் எடுத்துக்கொள்ள அந்த லைசென்ஸே இடம் கொடுக்கிறது.

ஒன்று மறந்துவிட்டிருப்பேன்: விண்டோஸ் போடும்போது கேட்கும் 25 எழுத்து கீ நகலில் வராது, அது பெட்டியின் ஸ்டிக்கரில் இருக்கிறது, அதுவும் பாதி மங்கிப்போய். டார்ச் அடித்துப் போட்டோ எடுத்து, ஒரு தாளிலும் எழுதி வைத்தேன்.

டிவிடி இரண்டும் இப்போது சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு அத்தையின் முறுக்கு டப்பாவில். தீபாவளிக்குள் டப்பா திரும்ப வேண்டும் என்று அத்தை கறாராகச் சொல்லிவிட்டார்.