இருபத்தொன்றா, தொண்ணூற்றிரண்டா?

தொலைக்காட்சி விவாதத்தில் ஒருவர் வேலையின்மை 3.2 சதவீதம் என்பார். எதிரே இருப்பவர் 4.9 என்பார். யார் பொய் சொல்வது என்று நெறியாளர் குரலை உயர்த்துவார். வீடு வீடாகப் போய் அந்தக் கணக்கை எடுத்து வருகிறவர்களில் நானும் ஒருவன் என்பதால் எனக்குச் சிரிப்புதான் வரும். இரண்டுமே 2023-24ஆம் ஆண்டுக்கான தொழிலாளர் கணக்கெடுப்பு அறிக்கையில் இருப்பவை. கடந்த ஓராண்டைப் பார்த்து, உபதொழிலாக முப்பது நாள் உழைத்தவரையும் வேலையில் இருப்பவராகச் சேர்த்தால் 3.2. கடந்த ஏழு நாளை மட்டும் பார்த்தால் 4.9. அந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தால் போதும், அவர் வேலையில் இருப்பவர்தான். "ஒரு மணி நேரமெல்லாம் ஒரு வேலையா சார்?" என்று கேட்டவர்கள் உண்டு. உலக அளவிலும் அதுதான் வரையறை.

இன்னொரு வேடிக்கை, வகுக்கும் எண். வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் மட்டுமே அதில் வருவார்கள். நூறு பேரில் பத்துப் பேர் தேடுகிறார்கள் என்றால் வேலையின்மை 10 சதவீதம். அலைந்து அலுத்து நாலு பேர் தேடுவதையே விட்டுவிட்டால், மிச்சம் 96 பேரில் ஆறு பேர், அதாவது 6.25. யாருக்கும் புதிதாக வேலை கிடைக்கவில்லை, ஆனால் வேலையின்மை குறைந்தது என்று சுவரொட்டி அடிக்கலாம்.

இதே கணக்கெடுப்பின் 2017-18 அறிக்கை வெளிவராமல் இழுத்தடிக்கப்பட்டதையொட்டி, தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் பொறுப்புத் தலைவர் பி.சி.மோகனன் 2019 ஜனவரியில் பதவி விலகினார். தேர்தல் முடிந்து மே 31 அன்று அறிக்கை வந்தது. வேலையின்மை 6.1. 45 ஆண்டுகளில் இல்லாத அளவு என்றது ஒரு தரப்பு. முறை மாறிவிட்டது, பழையதோடு ஒப்பிடாதீர்கள் என்றது அரசு. முறை மாறியது உண்மைதான். வீட்டில் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் எத்தனை பேர் என்று பார்த்து வீடுகளைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் அப்போது வந்தது. ஆனால் அதைச் சொல்ல அறிக்கையை ஏன் பூட்டி வைக்க வேண்டும்?

எண் பிறக்கும் இடம் வீட்டு வாசல். பஸ் நிறுத்தத்தை ஒட்டி ஒரு டீக்கடை, பின்பக்கம் வீடு. அண்ணன் கல்லாவில் இருக்கிறார்.

"வீட்டுல அக்கா என்ன செய்றாங்கண்ணே?"

"அவ சும்மாதான் இருக்கா."

உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது.

"வடைக்கு மாவு ஆட்டுறது யாரு?"

"அவதான்."

"கிளாஸ் கழுவுறது?"

"அதுவும் அவதான். அதெல்லாம் ஒரு வேலையா தம்பி?"

அக்கா எட்டிப் பார்த்து, "இதை எழுதிக்கிட்டா மாசாமாசம் வர்ற ஆயிரம் ரூபா நின்னுடுமா சார்?" என்கிறார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று புரியவைப்பதற்குள் ஒரு டீ ஆறிவிடும்.

முதல் பதிலோடு எழுந்து வந்தால் படிவத்தில் அக்காவுக்குக் குறியீடு 92: வீட்டு வேலை மட்டும் பார்ப்பவர். உழைப்போர் கணக்கிலேயே வரமாட்டார். இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டால் 21: குடும்பத் தொழிலில் சம்பளமில்லாத உதவியாளர். விதிப்படி இதுதான் சரி.

2017-18இல் 23.3 சதவீதமாக இருந்த பெண்களின் உழைப்புப் பங்கேற்பு, அதாவது வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்த விகிதம், 2023-24இல் 41.7 ஆகியிருக்கிறது. பெண்கள் பெருமளவில் வேலைக்கு வந்துவிட்டார்கள் என்று மேடையில் கைத்தட்டல் வாங்குகிறார்கள். வேலையில் இருப்பதாகப் பதிவான பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்த 21தான். எதிர்த்தரப்போ, எல்லாம் போலிக் கணக்கு என்கிறது. அதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. விடிவதற்கு முன் எழுந்து மாவு ஆட்டுகிறவரை உழைப்பாளி என்று எழுதியதில் எந்தப் போலியும் இல்லை. அவர் வேலை செய்கிறார் என்பதிலிருந்து அவருக்கு வேலை கிடைத்துவிட்டது என்பதற்குத் தாவுகிறார்களே, அங்கேதான் கோளாறு. 21 எத்தனை, மாதச் சம்பளக்காரர் எத்தனை என்று தனித்தனியாகக் காட்டும் அட்டவணை அதே அறிக்கையில் இருக்கிறது. விவாதத்துக்கு வருகிற யாரும் அந்தப் பக்கத்தை அச்செடுத்து வந்து நான் பார்த்ததில்லை.