மசில் வேறு, சீடி4 வேறு

"அண்ணை, எச்.ஐ.வி உள்ள ஆள் மசில் ஊசி போட்டால் எதிர்ப்புச் சக்தி விழுந்திடுமோ?"

பாமசியில் நிற்கிறவனிடம் இப்படியும் கேட்பார்கள். யாருக்காக என்று நான் விசாரிப்பதில்லை. திருகோணமலை சின்ன ஊர், மத்திய வீதியில் சொன்னது உவர்மலைக்குப் போக அரைமணித்தியாலம் போதும்.

கேட்பவர்களின் பயத்துக்குக் காரணம் பிரெட்னிசொலோன். அதையும் மசில் மருந்தையும் ஸ்டீரோயிட் என்ற ஒரே பெயரில்தான் சொல்வார்கள். அந்தக் குளிசை எதிர்ப்புச் சக்தியை அமர்த்தும், உண்மைதான். மசிலுக்குப் பாவிக்கும் நாண்ட்ரோலோன் ஊசியும் ஒக்ஸாண்ட்ரோலோன் குளிசையும் அந்த வகையல்ல. அவை ஆண் ஹோர்மோனான டெஸ்டோஸ்டிரோனின் சொந்தக்காரர்.

1990களில், எச்.ஐ.வி நோயாளிகள் எலும்பும் தோலுமாகத் தேய்ந்த காலத்தில், தசை ஏற்றவென்று மருத்துவர்களே இவற்றைக் கொடுத்தார்கள். பரிசோதனைகளில் எடையும் தசையும் கொஞ்சம் கூடின. சீடி4 எனும் எதிர்ப்புச் சக்திக் கலங்களின் எண்ணிக்கையும் வைரஸ் அளவும் பெரும்பாலும் பெரிதாக மாறவில்லை. ஆகவே எதிர்ப்புச் சக்தி உடனே விழும் என்பதற்குச் சான்று இல்லை. உடம்பு முறுக்கேறினால் எதிர்ப்புச் சக்தியும் ஏறும் என்பதற்கும் இல்லை. ஜிம் பெடியள் நம்புவது இந்த இரண்டாவதைத்தான்.

ஆனால் அந்தப் பரிசோதனைகள் சில வாரங்கள், சில மாதங்கள்தான் நடந்தன. மருத்துவர் எழுதிய அளவு, இடைக்கிடை இரத்தப் பரிசோதனை. ஜிம்மில் கைமாறும் குப்பிக்கு அப்படி ஒரு காவலும் கிடையாது. லேபிளில் உள்ள மருந்துதான் உள்ளே இருக்கிறதா என்பதே சந்தேகம். குளிசையாக விழுங்கும் வகைகள் ஈரலைப் பதம் பார்க்கும், நல்ல கொலஸ்ட்ரோலையும் இறக்கும். ஒரே ஊசியை இரண்டு பேர் பாவித்தால் ஹெப்படைட்டிஸ் பி, சி வரலாம், மற்றவருக்கு எச்.ஐ.வியும் போகலாம். ஒக்ஸாண்ட்ரோலோனுக்கு அமெரிக்கா கொடுத்திருந்த அனுமதியே 2023இல் எடுபட்டுவிட்டது.

சீடி4ஐ ஏற்றுவது அன்றாடம் விழுங்கும் எச்.ஐ.வி குளிசைதான். அரச பாலியல்நோய்க் கிளினிக்குகளில் அது இலவசம். உண்மையிலேயே உடம்பு சோர்ந்து மெலிந்தால் டெஸ்டோஸ்டிரோன் அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். குறைவென்றால் அதற்கு முறையான சிகிச்சை உண்டு. ஊசி ஏற்கனவே போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். வெட்கம் கிளினிக் கதவுக்கு வெளியே நிற்கட்டும்.

இன்னொன்று, இதை ஒருவரும் கேட்பதில்லை. ரிட்டோனாவிர் என்ற எச்.ஐ.வி மருந்து எடுப்பவர் முட்டுக்கு புளூட்டிக்காசோன் பம்ப் இழுத்தால் அந்த ஸ்டீரோயிட் உடம்பில் தேங்கும். முகம் ஊதும், அட்ரீனல் சுரப்பியும் படுத்துவிடும். இது பிரெட்னிசொலோன் வகை. பம்ப் வாங்க வரும்போது மற்றக் குளிசைகளின் பெயரையும் மருந்தாளரிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.