தம்பி டிஸ்சார்ஜ் ஆனதற்கு அப்புறம்

தற்கொலைக்கு முயன்ற ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் அடுத்து என்னென்ன நடக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தம்பிக்காக அலைந்ததில் நாங்கள் தெரிந்துகொண்டதை, அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் போன தனியார் மருத்துவமனையில் "இது போலீஸ் கேஸ், ஜி.எச். போங்க" என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். அப்படித் திருப்பக் கூடாது. உயிரைக் காப்பாற்றுவதுதான் முதலில், சட்ட நடைமுறையெல்லாம் அப்புறம் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. ஆனால் அந்த நேரத்தில் வாசலில் நின்று சட்டம் பேச யாருக்குத் தெம்பு இருக்கும்? ஜி.எச்.சில் உடனே சேர்த்துக்கொண்டார்கள், ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவேட்டில் பதிவு போட்டார்கள், ஸ்டேஷனுக்குத் தகவல் போனது. ஏட்டு வாக்குமூலம் வாங்க வந்ததும், பிள்ளையை ஜெயிலில் போட்டுவிடுவார்களோ என்று அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். பயப்படத் தேவையில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவுப்படி, முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் அதே பிரிவில் இருக்கிறது.

உடம்பு தேறியதும் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். மனநல மருத்துவர் பார்க்காமல் கூட்டிப்போக மாட்டேன் என்று நான் பிடிவாதமாக நின்றேன். கேட்டதும் அவரிடம் அனுப்பினார்கள்தான், ஆனால் கேட்டு வாங்க வேண்டியிருந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. வீடு திரும்பிய முதல் சில வாரங்கள்தான் மிகவும் ஆபத்தானவை.

மனநலப் பிரிவில் ஒரு சமூகப் பணியாளர், டிஸ்சார்ஜ் ஆனவர்களைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு ஒன்றில் சேர விருப்பமா என்று கேட்டார். அப்பாவுக்குக் கோபம். "என் பையன் என்ன சோதனை எலியா?" என்றார். அந்தப் பணியாளர் பொறுமையாக ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டினார்: எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் சிகிச்சை குறையாது, உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் குடும்பத்துக்குச் சொல்வோம். உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாடுகளின் ஊர்களில் 1,867 பேரிடம் நடத்தி 2008-ல் வெளியிட்ட ஆய்வைப் பற்றியும் சொன்னார். டிஸ்சார்ஜ் நேரத்தில் ஒரு மணி நேரப் பேச்சு, அப்புறம் பதினெட்டு மாதத்தில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரிப்பு, அவ்வளவுதான். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். அதைக் கேட்டதும் அப்பா மறுபேச்சு பேசவில்லை. கையெழுத்து போட்டது தம்பிதான்.

மனசு தாங்காதபோது யாரைக் கூப்பிடுவாய் என்று அவனை ஒரு தாளில் எழுதச் சொன்னார் அந்தப் பணியாளர். அவன் முதலில் எழுதியது டீக்கடை வைத்திருக்கும் அவன் சிநேகிதன் பெயரை. எங்கள் பெயரெல்லாம் அதற்குக் கீழேதான். போன் நம்பரும் அப்பாவுடையது வேண்டாம், உன்னுடையதே கொடு என்று வாங்கிக்கொண்டார். பேசும்போது அறிவுரை கிடையாது. "தூக்கம் எப்படி இருக்கு தம்பி, மாத்திரை ஒத்துக்குதா?" என்று ஆரம்பித்து, "சாகணும்ங்கிற எண்ணம் திரும்ப வருதா?" என்று நேராகவே கேட்பார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்டால்தான் மனம்விட்டுச் சொல்வார்கள் என்றார். ஒருமுறை அவன் "வருது" என்றான். அன்றைக்கே வரச் சொல்லி மருந்தை மாற்றினார்கள்.

இப்போது மாவட்ட மனநலத் திட்டத்தில் தாலுகா மருத்துவமனைக்கு டாக்டர் வரும் நாளில் போகிறோம், மாத்திரை இலவசம். மொத்த மாத்திரையையும் அவன் கையில் தராமல், டாக்டர் சொன்னபடி நான் வைத்திருந்து வாரா வாரம் கொடுக்கிறேன். ராத்திரியில் பேச ஆள் தேவைப்பட்டால் 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். குடும்பத்தினரும் கூப்பிடலாம், நான் கூப்பிட்டிருக்கிறேன்.