முன்பக்கத்து போர்ட்

“அந்த போர்ட் வேலை செய்யாது சார், பின்னாடி போடுங்க.”

அடுத்தவர் கம்ப்யூட்டரைப் பழுது பார்க்கப் போன இடங்களில் இந்த வாக்கியத்தை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் சொருகிய பிறகுதான் கேட்டிருக்கிறேன்.

முதல் முறை நடந்தது நன்றாக நினைவிருக்கிறது. சிஸ்டம் ரொம்ப மெதுவாகிவிட்டது, விண்டோஸ் புதிதாகப் போட்டுத் தர வேண்டும் என்று ஒருவர் கூப்பிட்டிருந்தார். மேசைக்கு அடியில் கேபினட். பின்பக்கம் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. அதை இழுக்கச் சோம்பல்பட்டு, முன்பக்கம் இருந்த இரண்டு யூஎஸ்பி போர்ட்டில் மேலே இருந்ததில் என் 32 ஜிபி பென் டிரைவைச் சொருகினேன். அதன் விளக்கு ஒரு முறை மின்னி அணைந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை. ஒரு நிமிடம் காத்திருந்து பிடுங்கினேன். கையில் வைத்திருக்க முடியாத அளவுக்குச் சூடு. லேசாகக் கருகிய வாடையும் வந்தது.

அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார். போன வருடமே பையனுடைய இரண்டு பென் டிரைவ் அந்த போர்ட்டில் போய்விட்டதாம். “உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன் சார்.”

அவர் மேல் கோபப்பட்டு என்ன செய்வது? கெட்டுப்போன போர்ட்டோடு பழகிவிட்டவர்களுக்கு அது ஒரு குறையாகவே தெரிவதில்லை. சரியாக மூடாத கதவைக் காலால் தள்ளிச் சாத்துவது போல, கை தானாக அடுத்த போர்ட்டுக்குப் போய்விடும். புதிதாக வருகிறவனிடம் சொல்ல வேண்டும் என்ற நினைப்பே வராது.

பென் டிரைவ் போனதில் எனக்கு வருத்தமில்லை. அதிலிருந்த விண்டோஸையும் டிரைவர்களையும் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். ஆனால் உள்ளே இன்னொரு ஃபோல்டர் இருந்தது. முந்தின நாள் ஒரு தையல் ஆசிரியையின் கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்வதற்கு முன்னால், அவருடைய கோப்புகளை எல்லாம் அதில்தான் எடுத்து வைத்திருந்தேன். மாணவிகளின் அளவுக் குறிப்புகள், வரைபடங்கள், படங்கள். வேறு எங்கும் பிரதி இல்லை. சம்பந்தமே இல்லாத ஒரு வீட்டு போர்ட் அவருடைய பல வருட வேலையைத் தின்றுவிட்டது. கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்.

ஒரு நல்ல காலம், அவருடைய ஹார்டு டிஸ்க்கில் நான் செய்திருந்தது குவிக் ஃபார்மேட்தான். அதில் புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழிப்பது மாதிரி கோப்புப் பட்டியல்தான் போகும். பக்கங்கள் அப்படியே இருக்கும், மேலே வேறு எதையும் எழுதாத வரை. விண்டோஸ் மறுபடி ஏற்றியதில் கொஞ்சம் அழிந்திருந்தது. மீட்பு மென்பொருளை ஓட்டி மிச்சத்தில் பெரும்பகுதியை எடுத்துவிட்டேன். ஆனால் பெயர்கள் போய்விட்டன. மாணவிகளின் பெயரில் இருந்தவை எல்லாம் வெறும் எண்களாகத் திரும்பி வந்தன. அவர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, அளவை வைத்து ஆளைக் கண்டுபிடித்து, பெயர் மாற்றிக்கொண்டிருந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு அந்த முன்பக்கத்து போர்ட்டைத் திறந்து பார்த்தேன். பழைய யூஎஸ்பி போர்ட்டில் மொத்தமே 4 தொடர்புகள். ஓரத்தில் இருக்கும் இரண்டும் மின்சாரத்துக்கு: ஒன்றில் 5 வோல்ட், மற்றது மின்சாரம் திரும்பிப் போகும் கிரவுண்டு. நடுவில் இருக்கும் இரண்டும் தகவலுக்கு. கேபினட்டின் முகப்பிலிருந்து மதர்போர்டுக்கு ஒயர் வரும். அது ஒரே கட்டியான பிளக்காக இருந்தால் தொல்லையில்லை. பழைய கேபினட்டுகள் சிலவற்றில் தனித்தனி ஒயர்களாக இருக்கும். பார்த்துப் பார்த்து ஒவ்வொரு பின்னிலும் மாட்ட வேண்டும். யாரோ தூசி தட்டக் கழற்றி, திரும்ப மாட்டும்போது 5 வோல்ட்டையும் கிரவுண்டையும் இடம் மாற்றியிருந்தார்கள். அவ்வளவுதான் கதை.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. ஒரு காலத்து மதர்போர்டுகளில் வீடியோ கேமரா மாதிரியானவற்றை மாட்டும் ஃபயர்வயர் இணைப்புக்கும் யூஎஸ்பி மாதிரியே 10 பின்னில் ஒன்று குறைந்த இடம் இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் ஃபயர்வயரில் 12 வோல்ட் வரும். யூஎஸ்பி ஒயரை அதில் மாட்டாதீர்கள் என்று மதர்போர்டு கையேடுகளிலேயே அச்சடித்திருந்தார்கள். கையேட்டை யார் படிக்கிறார்கள்?

எனக்குத் தெரிந்த பலர் அடுத்தவர் கம்ப்யூட்டரில் பென் டிரைவ் போடப் பயப்படுவது வைரஸுக்காக. அது நியாயமான பயம்தான். 2010-ல் வெளியே தெரியவந்த ஸ்டக்ஸ்நெட் என்ற கணினிப் புழுகூட பென் டிரைவ் வழியாகப் பரவக்கூடியதுதானே. நானும் ஆண்டிவைரஸ் போடுவது, சொருகியதும் தானாக ஓடும் ஆட்டோரனை நிறுத்துவது என்று நடுவில் இருக்கும் அந்த இரண்டு தொடர்புகளுக்கே காவல் போட்டுக்கொண்டிருந்தேன். என்னைக் கடித்தது ஓரத்தில் இருந்த இரண்டு.

உடைந்த போர்ட்டாவது கண்ணுக்குத் தெரியும். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு முறிந்து, பின்கள் வளைந்து சுற்றியிருக்கும் தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். சில மதர்போர்டுகள் அப்போது யூஎஸ்பியில் மின்சாரம் அதிகம் போகிறது, 15 வினாடியில் அணைந்துவிடுவேன் என்று சொல்லி, சொன்னபடி அணைந்தும்விடும். பவர் சப்ளையை மாற்று, ராமை மாற்று என்று அரை நாள் வீணடித்த பிறகு போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறேன்.

என்னைக் கேட்டால் செத்த போர்ட்டைவிட அரை உயிரோடு இருக்கும் போர்ட்தான் ஆபத்து. மவுஸ் ஓடும், கீபோர்டு ஓடும், பென் டிரைவ்கூடத் திறக்கும். அதே இடத்தில் வெளி ஹார்டு டிஸ்க்கை மாட்டினால் உள்ளே தட்டு சுழலத் தொடங்கும் நேரத்தில் மின்சாரம் போதாது. யூஎஸ்பி 2.0 போர்ட்டின் கணக்கே 500 மில்லி ஆம்பியர்தான். ஒயர் மெலிந்தும் தொடர்பு தளர்ந்தும் இருந்தால் அதுவும் முழுசாகப் போய்ச் சேராது. டிஸ்க் ‘டிக், டிக்’ என்று அடித்துக்கொள்ளும். டிஸ்க் போச்சு என்று உரிமையாளருக்கு முகம் வெளுத்துவிடும். பின்பக்கம் மாற்றினால் ஒழுங்காக ஓடும். காப்பி பாதியில் இருக்கும்போது இப்படித் தொடர்பு விட்டால் அடுத்த முறை மாட்டுகையில் ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று விண்டோஸ் பணிவாகக் கேட்கும். அந்தப் பணிவுக்கு மயங்கி ஆமாம் கொடுத்தவர்களின் டிஸ்க்குகள் என்னிடம் வந்திருக்கின்றன.

பழி நம் மேல் திரும்புவதும் உண்டு. “நீங்க தொட்ட பிறகுதான் சார் இந்த போர்ட் போச்சு.” ஒரு தடவை அது உண்மையாகவே இருந்தது. என் பென் டிரைவின் முனை நசுங்கியிருந்ததைக் கவனிக்காமல் லேப்டாப்பில் அழுத்திச் சொருகி, நாக்கை உடைத்துவிட்டேன். அந்த லேப்டாப்பில் போர்ட்டை மதர்போர்டிலேயே சால்டர் செய்திருந்தார்கள். கேபினட் முகப்பு மாதிரி ஒயரைக் கழற்றிவிட்டு வேறு மாட்டுகிற வேலை இல்லை. பழுதுக்கு ஆன செலவை நானே ஏற்றுக்கொண்டேன்.

இப்போது போனவுடன் முதல் கேள்வி, “இதுல எந்த போர்ட் மக்கர் பண்ணும்?” ‘ஏதாவது கெட்டிருக்கா’ என்று கேட்டால் இல்லை என்பார்கள். எது என்று கேட்டால் யோசித்துச் சொல்கிறார்கள். அப்புறம் டார்ச். அப்புறம் ஒரு பழைய மவுஸ். போனாலும் அழ ஆளில்லை. அதன் சிவப்பு விளக்கு எரிந்தால், கட்டைவிரல் அளவில் ஒரு வோல்ட் மீட்டர். 5-ஐ ஒட்டிக் காட்டினால் மட்டும் பென் டிரைவ். அதிலும் விண்டோஸ் தவிர ஒன்றும் இருக்காது. மீட்டரையும் முழுதாக நம்புவதில்லை, சும்மா இருக்கும்போது 5 காட்டிவிட்டு டிஸ்க் சுழல ஆரம்பித்ததும் படுத்துவிடும் போர்ட்டுகள் இருக்கின்றன. அதனால் யாருடைய கோப்பையும் காப்பி எடுப்பதென்றால் முனகாமல் கேபினட்டை இழுத்துப் பின்பக்கம் போய்விடுகிறேன். அங்கே போர்ட் நேராக மதர்போர்டிலேயே இருப்பதால் ஒயர் மாற்றி மாட்ட யாருக்கும் வழியில்லை. அப்படி எடுத்ததையும் இரண்டு இடத்தில் வைத்த பிறகுதான் ஃபார்மேட்.

கெட்ட போர்ட் என்று தெரிந்தால் கிளம்பும் முன் அதன் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிட்டு வருவேன். அடுத்து வருகிறவருக்காவது உதவட்டுமே. போன மாதம் அப்படி ஒட்டிய ஒரு வீட்டுக்கு மறுபடி போக வேண்டியிருந்தது. டேப்பைக் காணவில்லை. அந்த போர்ட்டில் ஒரு போன் சார்ஜுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

“இதுல சார்ஜ் ஆகுதா?” என்று கேட்டேன்.

“ஆகும்போது ஆகும் சார்” என்றார்.