துட்டன்காமன் கல்லறை 1:25 மாதிரி: அடக்க அறை வரை வேலை முடிந்தது

எகிப்தில் அரசர்களின் பள்ளத்தாக்கில் உள்ள மற்ற அரச கல்லறைகளோடு ஒப்பிட்டால் கேவி 62 (துட்டன்காமன் கல்லறையின் எண்) ஒரு பொந்து போலத்தான். அதனால்தான் 1:25 அளவில் முழுசாகச் செய்தாலும் ஒரு மேஜையில் அடங்குகிறது. கணக்கும் சுலபம், 1 மீட்டருக்கு 4 செ.மீ.

முன்னறை 7.85 × 3.55 மீ., அதாவது 31.4 × 14.2 செ.மீ. அடக்க அறை 6.37 × 4.02 மீ., அதாவது 25.5 × 16.1 செ.மீ. உயரம் முறையே 10.7, 14.5 செ.மீ. இந்த உயர வித்தியாசத்தைக் கூரையில் காட்டிவிடக் கூடாது. அடக்க அறையின் தளம்தான் சுமார் 1 மீட்டர் தாழ்ந்தது. கூரை இரண்டும் ஏறக்குறைய ஒரே மட்டம். ஆகவே முன்னறைக்கு அடியில் 4 செ.மீ. தெர்மாகோல் கொடுத்துத் தூக்கினால் போதும்.

சுவருக்கு 5 மி.மீ. ஃபோம் போர்டு. மேலே சொன்னவை எல்லாம் உள்ளளவு, எனவே போர்டின் தடிமன் வெளிப்பக்கம் போக வேண்டும். இதில் தவறினால் தண்டனை அடக்க அறையில் கிடைக்கும். கல் சவப்பெட்டியைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக நின்ற தங்கம் போர்த்த மரப் பேழைகளில் வெளிப்புறப் பேழை 5.08 × 3.28 × 2.75 மீ., நம் அளவில் 20.3 × 13.1 × 11 செ.மீ. அகலவாட்டில் பக்கத்துக்கு ஒன்றரை செ.மீ. இடைவெளிதான் மிச்சம். போர்டு உள்ளே வந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

பாறைச் சுவருக்கு ஃபோம் போர்டின் உள்பக்கக் காகிதத்தை உரித்துவிட்டு, நுரையில் கட்டர் நுனியால் உளித்தடம் போட்டு, வால் புட்டியை 1 மி.மீ.க்குள் இழுக்கலாம். அதற்கு மேல் போனால் காயும்போது வெடிக்கும். வெளிப்பக்கத்துக்கும் பெவிகால் ஒரு கோட் கொடுக்காவிட்டால் போர்டு வில்லாக வளையும். ஸ்ப்ரே பெயிண்ட் கிட்டவே வரக் கூடாது, நுரையைக் கரைத்துவிடும். பேழைக்குத் தங்க ஸ்ப்ரே வேண்டும் என்றால் அதை மவுண்ட் போர்டில் செய்து, தனியாக அடித்து, காய்ந்த பிறகு உள்ளே கொண்டுபோக வேண்டும்.

ஓவியம் அடக்க அறையில் மட்டும்தான். மற்ற அறைகள் வெறும் பாறை. மேற்குச் சுவரில் பன்னிரண்டு பபூன்கள், வடக்கில் அடுத்த அரசரான ஆய், இறந்தவருக்கு உயிர்ப்பு தரும் வாய்திறப்புச் சடங்கைச் செய்யும் காட்சி. சிக்கல் தெற்குச் சுவரில். பேழைகளை வெளியே எடுக்க, கல்லறையைக் கண்டுபிடித்த ஹோவார்ட் கார்ட்டர் முன்னறைக்கும் அடக்க அறைக்கும் நடுவே இருந்த தடுப்புச் சுவரை உடைத்தபோது, ஐசிஸ் தேவியின் உருவம் இருந்த பகுதியும் போய்விட்டது. இன்றைய புகைப்படத்தை அச்செடுத்து ஒட்டிவிட்டுப் பேழையையும் உள்ளே வைத்தால் இரண்டு காலம் கலந்துவிடும். பேழை வேண்டும் என்றால் கார்ட்டர் குழுவின் புகைப்படக்காரர் ஹாரி பர்ட்டனின் பழைய படங்களைப் பார்த்து அந்தப் பகுதியைக் கையால்தான் வரைய வேண்டும். சுவர் ஓவியங்களில் உள்ள பழுப்புப் புள்ளிகளை மட்டும் எந்தக் காலத்துக்கும் தைரியமாக வைக்கலாம், திறந்தபோதே அவை இருந்தன. நீர்த்த பழுப்பு அக்ரிலிக்கை பழைய டூத் பிரஷ்ஷால் தெறித்தால் அச்சாக வருகிறது.

தெற்குச் சுவரைக் கடைசியில் ஒட்டுங்கள். ஒட்டிவிட்டால் பேழை உள்ளே நுழையாது. அன்றைய தச்சர்களும் பலகை பலகையாகக் கொண்டுபோய் உள்ளேதான் பூட்டினார்கள். திசைக்குறிகள் எழுதியிருந்தும் பேழைக் கதவுகள் மேற்கே பார்ப்பதற்குப் பதில் கிழக்கே பார்க்கும்படி மாட்டிவிட்டார்கள்! மாதிரியிலும் கிழக்கேதான் வைக்க வேண்டும். 'திருத்தி' வைப்பவர்கள் நிறைய.

அடுத்தது கல் சவப்பெட்டி, 11 × 5.9 × 5.9 செ.மீ. தொட்டி குவார்ட்சைட், மூடி மட்டும் கிரானைட். நிறம் பொருந்த அதற்கு மஞ்சள் பூசியிருந்தார்கள். எனவே மூடிக்கு முதலில் சாம்பல் கலந்த இளஞ்சிவப்பு, அது காய்ந்த பின் மெல்லிய மஞ்சள். அசல் மூடியில் உள்ளதுபோல் குறுக்கே ஒரு விரிசலைக் கீறிப் புட்டியால் நிரப்பி, மேலே அதே மஞ்சளைத் தடவ வேண்டும்.