கயிற்றை எடுப்பதற்கு முன்

வயதுவந்த இருவர் முழுச் சம்மதத்தோடு செய்யும் ஷிபாரியில் (ஒருவர் உடலை மற்றவர் கயிற்றால் கட்டும் ஜப்பானிய முறை) புதிதாக இறங்குகிறவர்கள் முதலில் முடிச்சுகளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். முடிச்சு பிறகு வரட்டும்; முதலில் நரம்பைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்.

மேற்கையின் வெளிப்புறத்தில் எலும்பை ஒட்டி ரேடியல் நரம்பு ஓடுகிறது. அங்கே கயிறு அழுத்தினால் மணிக்கட்டு தொங்கிப்போகலாம். மீண்டுவர வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். வலியே இல்லாமல் இது நடக்கக்கூடும் என்பதுதான் எனக்குப் பெரிய அச்சம். அதனால் கட்டுண்டவரை, கயிறு உடலில் இருக்கும்போதே மணிக்கட்டைப் பின்பக்கம் மடக்கச் சொல்லுங்கள், விரல்களை விரிக்கச் சொல்லுங்கள். வலு குறைந்தாலோ, மதமதப்பு வந்தாலோ உடனே அவிழ்த்துவிடுங்கள். "இன்னும் கொஞ்ச நேரம்" என்ற பேச்சே கூடாது. முனை மழுங்கிய கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்; நல்ல கயிறாயிற்றே என்று வெட்டத் தயங்காதீர்கள். கழுத்தில் கயிறு வேண்டவே வேண்டாம். கட்டுண்டவரைத் தனியே விட்டு அடுத்த அறைக்குக்கூடப் போகக் கூடாது.

எது சரி, எது வேண்டாம், நிறுத்தச் சொல்லும் சொல் எது என்பதையெல்லாம் போதையில்லாத நிலையில் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். தந்த சம்மதத்தை இடையில் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம்.

உங்கள் ஊரில் இத்தகைய வட்டத்தைத் தேடுகிறீர்களா? முதல் சந்திப்பு பொது இடத்திலேயே இருக்கட்டும். 'மன்ச்' என்று அழைக்கப்படும் சந்திப்புகள் அதற்காகவே நடக்கின்றன. வெறும் பேச்சுதான், அங்கே கயிற்றுக்கு வேலையில்லை. ஒருவரிடம் கட்டுண்டவர்களிடமே அவரைப் பற்றி விசாரியுங்கள். பாதுகாப்பைப் பற்றிக் கேட்டால் சலித்துக்கொள்கிறவர் எவ்வளவு அழகாகக் கட்டினாலும் சரி, நான் அவரிடம் கையை நீட்ட மாட்டேன்.